பல்லுக்கும் தொழிலுக்கும் நடுவில் ஓர் இடம்

என் அன்பு மாமாவுக்கு,

கடை போர்டு பறந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கிருந்தாலும் "கடைக்கு மேல என்னா மொட்டையா கெடக்கு?" என்று கேட்டுவிடுவீர்கள். நீங்கள் போன இரண்டாம் மாதம் வந்த புயல் கடலூர்ப் பக்கம் பாதி மரங்களைச் சாய்த்தது. சிதம்பரம் கீழ வீதிக்கும் வந்து நம் தகரப் போர்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு தெரு தள்ளி ஒரு மாட்டுக் கொட்டகைமேல் கிடப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், எழுதியிருந்த நான்கு வரியில் "மீன் தொட்டி" மட்டும் மிச்சம்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள். உங்கள் மேல்பட்டாம்பாக்கம் வீட்டில் முருங்கை மரம் மட்டும் முறிந்துவிட்டது. அத்தை அதற்காக இரண்டு நாள் புயலைத் திட்டினார்கள், மூன்றாம் நாள் முறிந்த கிளையை நட்டுவிட்டார்கள். இப்போது துளிர்த்திருக்கிறது.

புது போர்டு எழுத வேண்டும். தகரம் வாங்கி வெள்ளை அடித்துக் காய வைத்தாயிற்று. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நீங்கள் ஏழு வருஷத்துக்கு முன் என்னிடம் கேட்ட கேள்விதான் எதிரில் வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். உங்கள் ரகசியம் ஒன்று இதில் உடையப்போகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2005இல், செல்விக்கு மாப்பிள்ளை பார்க்க நீங்கள் என் கடைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூட வேலையை நான் விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீங்கள் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தர். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே அறை, ஒரே நாற்காலி. சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வந்து உட்கார்ந்தீர்கள்.

"மாப்ளைக்கு என்ன வேலைங்க?"

நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். காலையில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆய்வேடு தட்டச்சு செய்கிறேன். மதியத்துக்கு மேல் வண்ணமீன் தொட்டி கட்டித் தருகிறேன். சனி ஞாயிறு, புதுச்சேரியிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரர்களைக் கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் அழைத்துப் போகிறேன். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கிறேன்.

நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தீர்கள். அதன் மேல் வைத்திருந்த மீன் தீனி டப்பாவைப் பார்த்தீர்கள். தீனி டப்பாவின் மேல் இருந்த பிரெஞ்சு அகராதியையும் பார்த்தீர்கள்.

"எங்க ஆலையில கரும்பு வண்டிய ஏத்தனபடி ஒரு தடவ எடை போடுவோம். எறக்கிட்டு வெறும் வண்டிய ஒரு தடவ போடுவோம். வண்டிய கழிச்சாத்தான் கரும்பு எவ்ளோன்னு தெரியும். நீங்க சொன்னதுல வண்டி எது, கரும்பு எது?"

"எல்லாமே கரும்புதான் மாமா" என்றேன். திமிர்தான், வயசு அப்படி. நீங்கள் சிரிக்கவில்லை.

"சரி. பத்திரிகையில என்ன போடறது?"

அதுதான் அந்தக் கேள்வி. நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே படிப்பும் வேலையும் வந்தாக வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே பத்திரிகையைப் பிரித்துப் படிக்கிறவர்கள் உண்டு. நான் அரை நாள் யோசித்து ஒரு சொல் கண்டுபிடித்தேன். பல கலைகள் இருக்கிற இடம் பல்கலைக்கழகம் என்றால், பல தொழில் செய்கிறவன் பல்தொழில்முனைவர்தானே? ஒரு தாளில் கொட்டை எழுத்தில் சேர்த்து எழுதி உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

பத்திரிகை அச்சாகி வந்தது. மஞ்சள் தடவி ஊரெல்லாம் கொடுத்த பிறகுதான் நான் என் பெயருக்குக் கீழே பார்த்தேன். "பல் தொழில்முனைவர்" என்று இருந்தது. பல்லுக்குப் பிறகு ஓர் எழுத்து அளவுக்கு இடைவெளி.

படித்தவர்கள் யாரைக் குறை சொல்வது? மாப்பிள்ளை சிதம்பரம். சிதம்பரத்தில் பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் ஜாஸ்தி. முதலில் பல் என்று போட்டிருக்கிறது, கடைசியில் முனைவர் என்று போட்டிருக்கிறது. முனைவர் என்றால் டாக்டர். கல்யாணத்துக்கு முன்பே சேத்தியாத்தோப்பு வரைக்கும் நான் பல் டாக்டர் ஆகிவிட்டேன்.

மேடையில் மாலையும் கழுத்துமாக நிற்கிறேன். மொய்க் கவரைக் கையில் திணித்த செல்வியின் சேத்தியாத்தோப்புப் பெரியப்பா, போகாமல் அப்படியே நின்று வாயைத் திறந்தார். "மாப்ள, இந்தக் கடவாப் பல்லு ஒரு வாரமா வுயிர எடுக்குது. கொஞ்சம் பாருங்க." போட்டோக்காரர் அதையும் எடுத்துவிட்டார். ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது. பெரியப்பா அண்ணாந்து நிற்கிறார், நான் குனிந்து அவர் வாய்க்குள் பார்க்கிறேன், செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறாள்.

நீங்கள் மேடைக்குக் கீழேயிருந்து கத்தினீர்கள். "பிரஸ்ஸுக்காரன் கழுத்த அறுத்துட்டான்யா! சேத்து எழுதிக் குடுத்தத பிரிச்சு அடிச்சிட்டான்!" அடுத்த ஆறு வருஷமும் அதையே சொன்னீர்கள். நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் அச்சகக் கலியபெருமாளைப் பார்க்கும்போதெல்லாம், நாலு பேர் முன்னால் அவரைத் திட்டுவீர்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

அந்தத் தப்பு எனக்கு எவ்வளவு பெரிய வழி திறந்துவிட்டது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியுமா? மறுவீட்டுக்குப் போனால் அங்கே இரண்டு பேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பல் ஆள் சலீம்தான். முதுநிலை படித்துக்கொண்டிருந்தவர், அவருடைய ஆய்வேட்டை நான்தான் தட்டச்சு செய்தேன். பெரியப்பாவையும் சேர்த்து மூன்று பேரையும் அவரிடம் கூட்டிப்போனேன். அப்புறம் வந்தவர்களையும் கூட்டிப்போனேன். சலீம் படித்து முடித்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளினிக் போட்டபோது, "காத்திருக்கிறவங்க பயப்படாம இருக்க என்னங்க வைக்கலாம்?" என்று கேட்டார். மீன் தொட்டி வையுங்கள் என்றேன். கடலூரில் நான் கட்டிய முதல் தொட்டி அது. அதைப் பார்த்துக் கண் டாக்டர் கேட்டார், துணிக்கடைக்காரர் கேட்டார். தொட்டி வைத்த துணிக்கடைக்காரர் மகள் கல்யாணத்துக்கு மைக் பிடித்தேன். ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தது மாமா. பல்லால் பிழைத்தவன் என்று செல்வி இன்னமும் கிண்டல் செய்கிறாள்.

ஆனால் நீங்கள் மட்டும் மசியவில்லை. யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் "நம்ம மாப்ள" என்று சொல்லி நிறுத்திக்கொள்வீர்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. எதிரில் இருப்பவர் "என்ன பண்றாரு?" என்று கேட்பதற்குள் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவீர்கள். உங்கள் வாயால் ஒரே ஒரு முறை என் வேலையைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு எத்தனை ஆசை தெரியுமா? இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது சொல்கிறேன்.

2008இல் எனக்கு வேலை வாங்கி வந்தீர்கள். கடலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு, நிரந்தர வேலை. யார் யாரையோ பார்த்து, அந்த வெயிலில் நாலு நடை நடந்திருந்தீர்கள். அப்போது வெண்ணிலாவுக்கு ஐந்து மாதம். "புள்ள பொறந்துடுச்சு மாப்ள. இனிமேயாவது ஒரு எடத்துல உக்காருங்க" என்றீர்கள். நான் ஒரு வாரம் தூங்கவில்லை. வேலை வேண்டாம் என்று சொன்னால் உங்களை இழப்பேன், வேண்டும் என்று சொன்னால் என்னை இழப்பேன். செல்விதான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பா, இவர ஒரே நாற்காலியில உக்கார வெச்சா, நாற்காலிக்குத்தான் கஷ்டம்."

நான் வேண்டாம் என்றேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள்.

அப்புறம் ஏழு மாதம் என்னிடம் நேராகப் பேசவில்லை. வருவீர்கள், எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். "செல்வி, மாப்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு." "செல்வி, மாமாவுக்கு அப்பளம் வேணுமான்னு கேளு." ஒரு நாள் செல்வி அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். ரசத்துக்காக இரண்டு பேரும் காலி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பிறகு நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். அடுத்த திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் குளித்து, டிபன் பாக்ஸ் கட்டச் சொல்லி, இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டீர்களாம். அங்கே நின்ற பிறகுதான் போக வேண்டிய இடம் இல்லை என்று உறைத்திருக்கிறது. இது அத்தை பிற்பாடு சொன்னது. வீட்டுக்குத் திரும்பக் கூச்சப்பட்டு, கடலூர் வண்டியில் ஏறி, அங்கே மாறி, பத்து மணிக்கு என் கடை வாசலில் வந்து நின்றீர்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தீர்கள். மேசையில் கிடந்த ஆய்வேட்டுப் பக்கங்களைக் கையில் எடுத்தீர்கள். பேனாவைத் திறந்தீர்கள்.

கால் மணி நேரம் கழித்து, ஏழு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராக முதல் வார்த்தை சொன்னீர்கள்.

"மாப்ள, இங்க ஒரு 'க்' வுட்டுப்போச்சு."

அந்த 'க்'கை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கண்ணீரை மறைக்கத் தொட்டிக்குள் கை விட்டுக் கூழாங்கல்லைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன்.

அதற்குப் பின் வாரத்தில் நாலு நாள் வந்தீர்கள். ஒற்று மிகுந்தால் பிடித்தீர்கள், புள்ளி விட்டால் பிடித்தீர்கள், இரண்டு சொல்லுக்கு நடுவில் இடம் கூடினால், ஸ்டூலில் இருந்தபடியே கண்டுபிடித்தீர்கள். தமிழ்த்துறை மாணவர்கள் என்னைவிட்டு உங்களிடம் பேச ஆரம்பித்தார்கள். எடைமேடைக் கை சும்மா இருக்குமா? மீன் தீனிக்கு நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கி வந்து, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று நிறுத்துப் போடப் பழகிவிட்டீர்கள். உங்கள் கைக்கு வந்த பிறகு தொட்டித் தண்ணீர் கலங்கியதே இல்லை. இவ்வளவு கூர்மையான கண் அந்தக் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் எப்படி ஏமாந்தது என்று எனக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லையே!

பிச்சாவரத்துக்கு வந்தீர்களே, அது ஞாபகம் இருக்கிறதா? படகில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. நான் சுரபுன்னை வேரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா உங்களைப் பார்த்து, இவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டார். நீங்கள் வண்டி எடை, கரும்பு எடை என்று தமிழில் ஆரம்பிக்க, நான் பிரெஞ்சில் சொல்ல, அவர்கள் வேரையெல்லாம் மறந்துவிட்டார்கள். கட்டை வண்டிக்காரர் எடை கூட்ட, மாடு ஓட்டும் தார்க்குச்சியோடு மேடையில் ஏறி நிற்பாராம், நீங்கள் எட்டிப் பார்த்து "எறங்குய்யா, நீ என்ன கரும்பா?" என்பீர்களாம். அந்தத் துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் படகு ஆடியது. திரும்பும்போது நீங்கள் மெல்லக் கேட்டீர்கள். "அடுத்த வாரமும் யாராவது வர்றாங்களா மாப்ள?"

2010இல் வெண்ணிலாவுக்குக் காது குத்தினோம். "பத்திரிகைய நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். பார்த்துக்கொண்டீர்கள். அன்றைய அமளியில் நான் பெயர்களைக்கூடப் படிக்கவில்லை.

போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். கடலூருக்குக் கொண்டுபோனோம். அதற்கு மேல் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

காரியப் பத்திரிகை அடிக்கக் கலியபெருமாள் அச்சகத்துக்கு நான்தான் போனேன். அவர் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, என் பெயரில் பேனாவை நிறுத்தினார்.

"சேத்து அடிக்கவா, பிரிச்சு அடிக்கவா?"

"என்னங்க கேக்கறீங்க? ஒரு தடவ பிரிச்சு அடிச்சு நான் பட்டது போதாதா?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவரே போயிட்டாரு. இனிமே சொன்னா தப்பில்ல. அன்னைக்கு நான் சேத்துத்தாங்க கோத்திருந்தேன். ஒங்க மாமனாருதான் புரூப் பாத்துட்டு, 'பல்லுக்கு அப்புறம் ஒரு எழுத்து எடம் வுட்டு அடிப்பா, சொந்தக்காரங்க வாய மூடணும்'னாரு. வெளில யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு. கடைத்தெருவுல என்னைத் திட்டுவாரு. மறுநாளு வந்து டீ வாங்கிக் குடுத்துட்டுப் போவாரு."

எனக்குச் சுருக்கென்றது மாமா. பொய் சொல்ல மாட்டேன். என் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு, ஓர் இடைவெளிக்குப் பின்னால் என்னை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு நிமிஷம் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

கலியபெருமாள் விடவில்லை. "முழுசா கேளுங்க. காதுகுத்துப் பத்திரிகைக்கும் அவருதான வந்தாரு. நான் பழைய மாதிரியே பிரிச்சுக் காமிச்சேன். புரூப்ப தூக்கி வீசாத கொறதான். 'ஒட்டி அடிய்யா. நூல் எடம் கூட இருக்கக் கூடாது'ன்னாரு. ஏன் சார், சொந்தக்காரங்க வாய மூட வேணாமான்னு கேட்டேன். 'அவுங்க கெடக்கறாங்க. மாப்ள அன்னைக்கே சொன்னாரு, எல்லாமே கரும்புதான்னு. வண்டிய தேடிக்கினு இருந்தது நான்தான்'னாரு."

நான் சிரித்துவிட்டேன். சாவு வீட்டு ஆள், உங்களுக்குக் கொள்ளி வைத்த மொட்டைத் தலையோடு, அச்சகத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறேன். பக்கத்தில் வளைகாப்புப் பத்திரிகைக்கு வந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் காதுகுத்துப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். என் பெயருக்குக் கீழே, ஒரு நூல் இடம் இல்லாமல், "பல்தொழில்முனைவர்." ஐந்நூறு பத்திரிகை. உறவுக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீங்களே நடந்துபோய்க் கொடுத்தீர்கள். உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேனே, நீங்கள் ஐந்நூறு முறை சொல்லியிருக்கிறீர்கள். நான்தான் படிக்கவில்லை.

உங்கள் காரியப் பத்திரிகையில் நான் ஒரு வேலை செய்தேன், இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயருக்குக் கீழே "ஆலை எழுத்தர், ஓய்வு" என்று போடலாம் என்றார்கள். அது பாதிக் கரும்பைத்தானே எடை போட்டது? எடைமேடை, பிழைதிருத்தம், மீன் வளர்ப்பு, படகில் பிரெஞ்சுக்காரரைச் சிரிக்க வைத்தது, எல்லாவற்றுக்கும் சேர்த்து என் சொல்லையே உங்களுக்கும் போட்டேன். ஒட்டி அடிக்கச் சொன்னேன். சேத்தியாத்தோப்புப் பெரியப்பா அதைப் படித்துவிட்டு, "இவனும் பல்லு பாத்தானா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!" என்று அத்தையிடம் விசாரித்தாராம். பதினாறாம் நாள் வீட்டில் அத்தை முதல்முறையாகச் சிரித்தது அதற்குத்தான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். செல்வி இப்போது உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ஆய்வேடு பார்க்கிறாள், உங்களைவிடக் கண்டிப்பு. உங்கள் தராசு வெண்ணிலாவிடம். மீனுக்கு அவள்தான் தீனி நிறுக்கிறாள், உங்களைவிடத் தாராளம், அதனால் தண்ணீர் கொஞ்சம் கலங்கித்தான் கிடக்கிறது. எனக்கு இந்த வருஷம் புதிதாகத் தேனீமேல் ஆசை வந்திருக்கிறது. திட்ட ஆள் இல்லாமல் ஒரு மாதிரி இருக்கிறது மாமா.

வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் போர்டை எழுதிவிடுவேன். நான்கு வரி இல்லை, ஒரே சொல், ஒரே மூச்சில், ஒட்டி. அப்படியும் யாராவது தப்பாகப் படித்துவிட்டு வந்து என் எதிரில் வாயைத் திறந்தால், இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, சலீம் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போவேன்.

என்றும் உங்கள் மாப்பிள்ளை,
குணசேகரன்,
பல்தொழில்முனைவர்